ஒன்றுக்கு நானூறு: பயணிகள் விமான மொடல் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு கண்ணாடி அலுமாரி நிற்கிறது. அதற்குள் இருப்பவை எல்லாம் பயணிகள் விமானங்கள், எல்லாம் 1:400 அளவு. வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அதற்கு முன்னால் போய் நின்றுவிடுவார்கள். அங்கே நின்று கேட்டவற்றையும், பிறகு தொலைபேசியில் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆசை இருக்கிறது, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்று சொல்கிறவர்களுக்காக எழுதியது இது.

1:400 என்றால் எவ்வளவு பெரிசு?

பள்ளிக்கூடத்தில் புவியியலுக்குப் படித்த அளவுத்திட்டம்தான். உண்மையான விமானத்தின் நானூறில் ஒரு பங்கு. கணக்குப் பார்ப்பதும் சுகம்: மொடலில் ஒரு சென்ரிமீற்றர், உண்மையில் நாலு மீற்றர். போயிங் 747-400 இன் நீளம் 70.7 மீற்றர், அது அலுமாரிக்குள் 17.7 சென்ரிமீற்றர். எயார்பஸ் ஏ320 9.4 சென்ரிமீற்றர். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வந்து போகிற ஏடிஆர் 72 வெறும் 6.8. அதன் இறக்கை நுனிக்கு நுனி அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதனால் உள்ளங்கையில் வைத்தால் ஒரு சதுரத்துக்குள் அடங்கிவிடும்.

ஆள் எவ்வளவு உயரம் என்று ஒரு பொடியன் கேட்டான். நாலு மில்லிமீற்றர் சொச்சம். விமானத்தின் கதவுக்குக் கீழே ஒரு சம்பா அரிசியை நிறுத்திப் பாருங்கள், அதுதான் நீங்கள்.

வேறு அளவுகளும் இருக்கின்றனவே, ஏன் இதை எடுத்தீர்கள்?

1:200 மிகவும் வடிவு, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த அளவில் ஒரு 747 முப்பத்தைந்து சென்ரிமீற்றர். நாலைந்து வாங்கினால் ஒரு தட்டு நிரம்பிவிடும், காசும் முடிந்துவிடும். 1:500 ஐ ஜெர்மனியின் ஹெர்பா நிறுவனம் நெடுங்காலமாகச் செய்துவருகிறது. அது இன்னும் சிறிசு, என் கண்ணுக்குச் சின்ன விமானங்கள் அதில் போதவில்லை. இரண்டுக்கும் நடுவில் 1:400. யன்னல் வரிசை, கதவின் கோடு, வாலருகே எழுதிய பதிவெழுத்து (வாகன இலக்கம் போல விமானத்துக்கு உள்ளது) எல்லாம் கண்ணாடி போடாமலே தெரிகிறது. ஒரு தட்டில் பதினைந்து இருபது நிற்கும். இந்த அளவில் வெளிவருகிற விமான வகைகளும் நிறுவன நிறங்களும் ஏராளம்.

எதை எடுத்தாலும் ஒன்றில் நில்லுங்கள். 1:500 இல் ஒரு 747 பதினான்கு சென்ரிமீற்றர். அதை 1:400 ஏ330-300 க்குப் பக்கத்தில் வைத்தால் ஏ330 பதினாறு சென்ரிமீற்றரோடு அதைவிடப் பெரிதாக நிற்கும். உண்மையில் 747 தான் ஏழு மீற்றர் நீளம் கூட. மொடல் சேர்ப்பதில் எனக்குப் பிடித்ததே இந்த ஒப்பீடுதான். அளவைக் கலந்தால் அது கெட்டுப்போகும்.

முதலாவதாக எதை வாங்கலாம்?

உங்கள் வீட்டிலிருந்து ஒருவரை ஏற்றிக்கொண்டு போன விமானத்தை வாங்குங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் அழுத்திச் சொல்வேன். எங்கள் ஊரில் அப்படி ஒருவரும் போகாத வீடு குறைவு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அநேகமாகக் கண்ணைப் பறிக்கிற நிறமுள்ளதை வாங்குவார்கள், பிறகு அதேபோல இன்னொன்று. ஆறாவது ஏழாவதில் ஆசை வற்றிவிடும், ஏன் வாங்கினோம் என்றும் தெரியாது. ஒரு நூல் பிடித்துப் போனால் அப்படி ஆகாது. குடும்பத்தின் பயணங்கள் ஒரு நூல். பலாலியில் இறங்கிய விமானங்கள் இன்னொரு நூல். எயார் சிலோன், எயார் லங்கா, ஸ்ரீலங்கன் என்று நாட்டின் விமான நிறுவனங்களை வரிசைப்படுத்துவதும் நல்ல நூல்தான்.

என்னுடைய முதல் மொடல் எயார் லங்காவின் ஏ340-300. 1996 இல் அண்ணா லண்டனுக்குப் போனது அதில். நாங்கள் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி நின்று, கட்டுநாயக்காவில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கை காட்டிவிட்டு வந்தோம். மொடல் வந்த அன்று அம்மா அதைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இவன் எந்தப் பக்கம் இருந்தவன்?" என்று கேட்டார். அண்ணாவுக்கு எடுத்துக் கேட்டோம். இடது பக்கம், இறக்கைக்குப் பின்னால், யன்னலோரம் என்றார். அம்மா சுண்டுவிரல் நகத்தால் அந்த யன்னல்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனார். ஒவ்வொரு யன்னலும் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை.

எந்த விமானத்தில் போனார்கள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாதே. எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். பழைய லாச்சியைத் திறவுங்கள். அந்தக் கால ரிக்கெட் சிவப்பு மைக்கடதாசி வைத்த சின்னப் புத்தகம். அதில் நிறுவனம், பறப்பு எண், திகதி எல்லாம் இருக்கும். கடவுச்சீட்டு முத்திரையும் திகதி சொல்லும். நிறுவனமும் ஆண்டும் தெரிந்தால் வகை இரண்டு மூன்றுக்குள் சுருங்கிவிடும்.

படம் இருந்தால் இன்னும் நல்லது. பின்னால் நிற்கும் விமானத்தில் எத்தனை இயந்திரம் என்று முதலில் எண்ணுங்கள். வாலடியிலும் ஒரு இயந்திரம் இருந்தால், எயார் லங்கா என்றால் அது லொக்ஹீட் ட்ரைஸ்டார். 1980களிலும் 90களிலும் அவர்களிடம் மூன்று இயந்திரத்தோடு ஓடியது அதுதான். வேறு நிறுவனமென்றால் டிசி-10 ஆகவும் இருக்கலாம். டிசி-10 இல் நடு இயந்திரம் வால் செட்டையை ஊடுருவி நேராக நிற்கும். ட்ரைஸ்டாரில் காற்று போகும் வாய் மட்டும் மேலே இருக்கும், இயந்திரம் உடம்பின் கடைசிக்குள் இறங்கியிருக்கும். ஏ330 உம் ஏ340 உம் உடம்பில் ஒன்றுபோலவே இருக்கும், ஏ330 க்கு இரண்டு இயந்திரம், ஏ340 க்கு நாலு. எயார் லங்காவுக்கு ஏ340 வரத் தொடங்கியது 1994 இல். ஆகவே 1980களில் போனவர் அதில் போயிருக்க முடியாது.

1980களில் மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினுக்குப் போய், அங்கிருந்து மேற்குப் பக்கம் கடந்தவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். அவர்களின் கதையில் வருவது சோவியத் விமான நிறுவனமான ஏரோஃப்ளொட். அந்த நிறுவனம் அப்போது நெடுந்தூரத்துக்குப் பெரும்பாலும் விட்டது இலூஷின் ஐஎல்-62. நாலு இயந்திரமும் வாலடியில் இரண்டிரண்டாக ஒட்டியிருக்கும். ஆளும் சுமையும் இல்லாமல் நிற்கும்போது பின்பக்கம் சாய்ந்துவிடாமல் தாங்க வாலுக்குக் கீழே ஒரு சின்னச் சில்லுக்கால் இறக்குவார்கள். இதைச் சொன்னவுடன் "ஓமோம், அதுதான்" என்று நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு சித்தப்பா எனக்கு உண்டு. நாற்பது வருடமாக அதைப்பற்றி அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை.

எந்தக் கம்பனி நல்லது?

ஜெமினி ஜெட்ஸ் அமெரிக்க நிறுவனம், 1998 முதல் செய்கிறது. பெயர் பரவலாகத் தெரிந்தது, தொடங்குகிறவருக்குக் கிடைப்பதும் சுகம். என்ஜி மொடல்ஸ் வந்தது பிறகுதான், ஆனால் மூக்கின் வளைவு, இறக்கை உடம்போடு சேரும் இடம் இவற்றில் அவர்களின் வார்ப்பு அச்சுகள் மிகத் திருத்தம். ட்ரைஸ்டார் தேடுகிறவர்கள் அவர்களுடையதை முதலில் பாருங்கள். பழைய காலத்து விமானங்களுக்கு ஏரோகிளாசிக்ஸ். ஃபீனிக்ஸ், ஜேசி விங்ஸ், பண்டா என்றும் இருக்கின்றன. கம்பனியின் பெயரைவிட அந்தக் குறிப்பிட்ட அச்சைப் பார்த்து வாங்குவதே சரி. ஒரே கம்பனியின் ஒரு விமானம் அச்சொட்டாக இருக்கும், அடுத்ததில் மூக்குச் சப்பையாக இருக்கும்.

எல்லாம் நாகம் கலந்த உலோகத்தில் வார்த்தவை. எழுத்தும் யன்னலும் ரப்பர் போன்ற மெத்தையால் ஒற்றி அச்சிட்டவை, ஒட்டுக்கடதாசி இல்லை. கையில் எடுத்தால் பாரம் தெரியும்.

விளையாட்டுச் சாமான் கடைகளில் தாங்கியோடு விற்கும் உலோக பிளேன் இதுதானா?

இல்லை. அவை பெரும்பாலும் 16 சென்ரிமீற்றர் என்று ஒரே நீளத்தில் செய்தவை. ஏ380 உம் 16, ஏ320 உம் 16. அப்படியென்றால் முதலாவது 1:450 ஐ ஒட்டி, இரண்டாவது 1:235. அளவுத்திட்டமே கிடையாது. பிள்ளைக்குப் பிறந்தநாளுக்குக் கொடுக்க நல்ல சாமான், ஆனால் சேகரிப்பில் ஒன்றோடொன்று பொருந்தாது. அளவு எழுதியிராத பெட்டியைக் கண்டால், நீளத்தை அளந்து உண்மையான நீளத்தோடு வகுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என்ன விலை வரும்? யாழ்ப்பாணத்துக்கு எப்படி எடுப்பது?

புதிய மொடல் ஒன்று வெளிநாட்டுக் கடைகளில் ஏறத்தாழ 45 முதல் 65 அமெரிக்க டொலர். ஒடுங்கிய உடம்புள்ளவை குறைவு, 747 போன்றவை கூட. எங்கள் காசில் ஒன்றுக்கு 15,000 ரூபாவை ஒட்டியோ அதற்கு மேலோ வரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சின்னக் காசு இல்லை. நான் வருடத்துக்கு மூன்றுக்கு மேல் வாங்குவதில்லை. அதனால் ஒவ்வொன்றையும் மாதக்கணக்காக யோசித்துத்தான் வாங்குகிறேன், அந்த யோசிக்கும் காலமும் இனிப்பானது.

தபாலில் எடுக்கலாம். ஆனால் அனுப்பும் செலவும் சுங்கத் தீர்வையும் சேர்ந்தால் மொடலின் விலையைத் தொட்டுவிடலாம். பொதியின் மேல் உண்மையான விலையையே எழுதச் சொல்லுங்கள், குறைத்து எழுதப்போய் சிக்கல் வந்தால் அதை அவிழ்க்கும் அலைச்சல் பெரிது.

யாழ்ப்பாணத்தவருக்கு வேறு வழி உண்டு. ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழா தொடங்கினால் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் சனம் வந்து இறங்கும். யாராவது ஒருவரின் பெட்டியில் உங்கள் மொடலுக்கு இடம் இருக்கும். மொடலை அவர்களின் விலாசத்துக்கே முன்கூட்டி வரவழைத்துவிடுங்கள். அப்புறம், இதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்: கைப்பையில் வைத்துக் கொண்டுவரட்டும். எனக்கு வந்த முதல் ட்ரைஸ்டார் பெரிய பெட்டியில் சொக்லேட் ரின்களுக்கு அடியில் கிடந்து வந்தது. கொண்டுவந்த பெரியம்மா துணியால் சுற்றித்தான் வைத்திருந்தார், பாவம். ஆனாலும் முன்சில்லுக்கால் மடிந்து, மூக்குத் தரையில் முட்டியபடி நின்றது. அவர் அதைப் பார்த்துக் கவலைப்பட்டதுதான் எனக்கு அதைவிடக் கவலை. கைப்பையில் இடமில்லை என்றால் வெளி மட்டைப் பெட்டியைப் பிரித்து மடித்துவிட்டு, உள்ளே மொடல் பதிந்திருக்கும் பிளாஸ்ரிக் அச்சை மட்டும் மூடி, சாரிகளுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள்.

பெட்டியைத் திறந்தவுடன் எதைப் பார்க்க வேண்டும்?

இரவில் ரியூப் லைட்டுக்குக் கீழே திறக்காதீர்கள். காலை வெளிச்சத்தில் விறாந்தையில் திறவுங்கள். முதலில் கண்ணாடித் தட்டில் வைத்து எல்லாச் சில்லும் தொடுகிறதா என்று பாருங்கள். பிறகு நேர் முன்னாலிருந்து கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால் இரண்டு இறக்கையும் ஒரே உயரத்தில் வளைகிறதா, இயந்திரங்கள் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்று தெரியும். வயிற்றிலும் முதுகிலும் மயிரிழை போன்ற அலைக்கம்பிகள் (அன்ரெனா) நிற்கும், ஒன்று குறைந்தாலும் பெட்டிக்குள்ளேயே தேடுங்கள். பழைய மொடல் ஒன்றை இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன், குறையில்லை என்று எழுதியிருந்தார், மூன்று அலைக்கம்பிகளில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அன்றிலிருந்து பழையதென்றால் மேல், கீழ், இரு பக்கம் என்று நாலு படம் கேட்காமல் காசு அனுப்புவதில்லை.

பதிவெழுத்தையும் வாசியுங்கள். இலங்கை விமானத்துக்கு 4ஆர், இந்தியாவுக்கு விரி (VT), கனடாவுக்கு சி என்று தொடங்கும். ஒவ்வொரு மொடலும் உலகில் உண்மையாக ஓடிய ஒரு குறிப்பிட்ட விமானத்தின் நகல். அந்த எழுத்தைக் கொண்டு அதன் படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

பலாலிக்கு வந்த விமானங்களை மட்டும் சேர்க்கலாமா?

அழகான யோசனை, ஆனால் பொறுமை வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்த இடம் அது. எயார் சிலோனின் முதல் சேவை 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அப்போது அழைத்த பலாலியில் இறங்கி, சென்னைக்குப் போனது. டிசி-3 விமானம், பெயர் சீதாதேவி. நாட்டின் விமான நிறுவனத்தின் முதல் பயணமே எங்கள் மண்ணைத் தொட்டுத்தான் போனது என்பதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். 1:400 இல் அந்த டிசி-3 ஐந்து சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. பிறகு வந்த அவ்ரோ 748 உம் ஐந்துதான். வயதானவர்கள் இன்றும் "அவ்ரோவில் போனோம்" என்று கதைப்பார்கள்.

2019 ஒக்ரோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது சென்னையிலிருந்து வந்தது அலையன்ஸ் எயாரின் ஏடிஆர் 72. கொரோனா காலத்தில் நின்ற சேவை 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. 2024 செப்ரெம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது, அதுவும் ஏடிஆர்.

சிக்கல் என்னவென்றால் இந்த அளவில் செய்கிறவர்களுக்கு ஜெட் விமானங்களில்தான் நாட்டம். விசிறி விமானங்கள் குறைவாகவே வருகின்றன, வந்தாலும் நீங்கள் தேடும் நிறத்தில் வர வேண்டுமே. ஏடிஆர் கிடைத்தால் விசிறியின் ஆறு அலகுகளையும் எண்ணிப் பாருங்கள், கடதாசி போல மெல்லியவை, ஒன்று வளைந்திருந்தாலும் உறுத்தும். கிடைக்கும்வரை அந்த இடத்தை அலுமாரியில் வெறுமையாக விட்டிருக்கிறேன். என் தட்டில் இப்போதும் ஏழு சென்ரிமீற்றர் இடம் காலி.

எங்கள் வெயிலுக்கும் புழுதிக்கும் தாங்குமா?

தாங்கும், கண்ணாடிக் கதவு இருந்தால். திறந்த தட்டில் வைத்தால் செம்மண் புழுதி ஒரு கிழமையில் இறக்கை மேல் படிந்துவிடும், துடைக்கத் துடைக்க வெள்ளைப் பூச்சில் கீறல் விழும். நேர் வெயில் படும் சுவரோரம் வேண்டாம், வெள்ளை மஞ்சளாகும். மாரி தொடங்கினால் ஒவ்வொரு தட்டின் மூலையிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் ஒன்று வையுங்கள். கடற்கரைக்கு அண்மையில் இருப்பவர்கள் வருடம் முழுக்க வையுங்கள்.

எங்கள் வீடுகளில் பெரிய எதிரி பல்லி. அலுமாரிக் கதவில் ஒரு சின்ன இடைவெளி போதும், உள்ளே போய் வால் செட்டைக்கு மேலே நின்று எச்சமிடும். காய்ந்தால் சுரண்ட வேண்டாம், அச்சிட்ட நிறம் கூடவே வந்துவிடும். தண்ணீரில் நனைத்த பஞ்சுமுனையை அதன் மேல் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, உருட்டி எடுங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட், நகப்பூச்சு அழிக்கும் திரவம் எதுவும் கிட்ட வரக்கூடாது. கதவு இடைவெளிக்கு யன்னல் சட்டத்துக்கு ஒட்டும் பஞ்சுப்பட்டி ஒட்டினேன், அதன் பிறகு அந்தத் தொல்லை இல்லை.

தூசிக்கு முகப்பூச்சுத் தூரிகை, புதியது. தூக்கும்போது இரண்டு விரலால் உடம்பின் நடுவைப் பிடியுங்கள், வாலையோ இயந்திரத்தையோ பிடித்துத் தூக்க வேண்டாம்.

அலைக்கம்பி உடைந்தால் ஒட்டலாமா?

ஒட்டலாம். சுப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி சுற்றியுள்ள பூச்சை வெள்ளையாகப் புகைப்படியச் செய்துவிடும். மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையில் ஊசிமுனையளவு எடுத்து வையுங்கள், காய்ந்தால் தெரியாது.

பிள்ளைகள் தொடலாமா?

என் மருமகனுக்கு வயது பத்து. தொடுகிறான். ஒருமுறை சொல்லிக்கொடுத்தேன், இன்றுவரை ஒன்றும் உடையவில்லை. மூன்று நாலு வயதுக்காரருக்குச் சின்னப் பாகங்கள் ஆபத்து, அவர்களுக்கு எட்டாத மேல் தட்டில் வையுங்கள்.

விலை பிறகு ஏறுமா?

சில ஏறும். ஒரு நிறத்தில் ஒரு தொகைதான் செய்வார்கள், தீர்ந்தால் திரும்ப வருவது நிச்சயமில்லை. ஆனால் விற்கும் நோக்கத்தோடு வாங்குவதாக இருந்தால் அந்தக் காசை வங்கியில் போடுங்கள்.

மேசையில் ஒரு விமான நிலையமே அமைக்க ஆசை. முடியுமா?

ஓரம் மட்டும் அமைக்கலாம்: விமானம் நிற்கும் தளம், ஒரு கட்டடம், சில வாகனங்கள். ஓடுபாதையை முழுசாக வைக்க நினைக்காதீர்கள், ஒரு கிலோமீற்றருக்கே இரண்டரை மீற்றர் மேசை வேண்டும்.

ஆனால் மருமகன் விடவில்லை. பலாலியிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணம் 16 கிலோமீற்றர், நானூறால் வகுத்தால் நாற்பது மீற்றர். அலுமாரி நிற்கும் இடத்தைப் பலாலி என்று வைத்து, நாடா பிடித்துக்கொண்டு வளவுக்குள் இறங்கினோம். கிணற்றடி தாண்டி, பனைக்குப் பக்கத்தில் பட்டணம் வந்தது. அங்கே ஒரு கல்லை நட்டு, "பஸ் ஸ்ராண்ட்" என்று பெயின்ரால் எழுதினான். சென்னை முக்கால் கிலோமீற்றரைத் தாண்டி வருகிறது, அதற்கு வேலி வெட்ட வேண்டும் என்று விட்டுவிட்டான். அன்று மாலை கொப்பிக்குள் லண்டனுக்கும் கணக்குப் பார்த்தான்: 21 கிலோமீற்றர். விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சுளகை நிறுத்திவிட்டு, "அவ்வளவுதானோ? சைக்கிளிலேயே போய்ப் பார்த்துவிட்டு வரலாமே" என்றார்.